எச்.ஐ.வி. உள்ளவர் வீட்டில் ஃப்ளூ: அடைமழைக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டாவில் சம்பா நடவும் அடைமழையும் சேர்ந்து வரும் ஐப்பசி, கார்த்திகையில்தான் ஃப்ளூவும் வீடு வீடாக ஏறும். கையைக் கழுவுவது, தும்மும்போது வாயை மூடுவது எல்லாம் கொரோனா காலத்திலேயே எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. எச்.ஐ.வி. உள்ளவர் இருக்கும் வீடுகளில் வருஷா வருஷம் நடக்கிற தவறுகள் வேறு.

யாரிடமிருந்து யாரைக் காப்பது என்பதை மாற்றிப் பிடிப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. பார்க்கும்போதெல்லாம் கோபம் வருவதும் இதில்தான். மாமியாருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த நாளிலிருந்து தட்டு தனி, டம்ளர் தனி, கூடத்து மூலையில் பாய் தனி. எச்.ஐ.வி. தட்டிலும் டம்ளரிலும் பரவாது. தொடுவதாலும் இருமலாலும் பரவாது. அந்தத் தனித்தட்டு வீட்டில் ஒருவரையும் காப்பாற்றவில்லை. அவர் மனதைத்தான் நோகடிக்கிறது.

அதே வீட்டில் பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து மூக்கொழுக வந்தால், "அத்தை, நீங்க வீட்லதானே இருக்கீங்க, பிள்ளையைப் பாத்துக்குங்க" என்று அவர் மடியில் போட்டுவிட்டு மகனும் மருமகளும் வயலுக்குப் போய்விடுகிறார்கள். அவர் முந்தானையால் பிள்ளைக்கு மூக்கைத் துடைக்கிறார், அதே முந்தானையால் தன் முகத்தையும் துடைக்கிறார். ராத்திரி பிள்ளை அவர் பக்கத்திலேயே படுக்கிறது. இரண்டொரு நாளில் அவருக்கும் காய்ச்சல்.

ஃப்ளூ தொற்றி, அறிகுறி தெரிய 1 முதல் 4 நாள் ஆகும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அது அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். அதனால் பேரன் வீட்டுக்குள் நுழையும்போதே பரவல் ஆரம்பமாகியிருக்கலாம். எச்.ஐ.வி. மாத்திரையை விடாமல் போட்டு, வைரல் லோடு (ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமியின் அளவு) அடங்கி, சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) நன்றாக இருப்பவருக்கு ஆபத்து குறைவு. சி.டி.4 200-க்குக் கீழே இருப்பவருக்கு நிமோனியா வரை போகக்கூடும். ஃப்ளூ கிருமியும் அவர் உடம்பில் வாரக்கணக்கில் தங்கலாம். காக்கப்பட வேண்டியவர் அவர்தான்.

ஆகவே, பிள்ளையை வீட்டில் எச்.ஐ.வி. இல்லாத, முடிந்தால் ஃப்ளூ ஊசி போட்ட ஒருவர் பார்க்கட்டும். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை. அதற்கு வழியே இல்லை, அவர்தான் தூக்க வேண்டும் என்றால், மூன்றடுக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிள்ளையின் தாடையைத் தன் தோளில் சாய்த்துத் தூக்கட்டும். இருமல் முகத்தில் அடிக்காது. மூக்கைத் துடைக்கப் பழைய வேட்டித் துண்டுகள் போதும். துடைத்ததும் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். ஃப்ளூ கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைச் சிதைத்துவிடும். தனியாகக் கிருமிநாசினி வாங்க வேண்டியதில்லை.

தொகுப்பு வீட்டில் ஒரே அறைதான் என்றால், காய்ச்சல்காரருக்கும் இவருக்கும் நடுவே ஆறடி விடுங்கள். அவ்வளவு இடம் இல்லாவிட்டால் தலைமாடு கால்மாடு மாற்றிப் படுக்க வையுங்கள். சாரலுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு மின்விசிறியைப் போட்டால், உள்ளே இருக்கும் அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். இந்த மழை பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து அடிப்பது. தெற்கு, மேற்கு ஜன்னல்களைக் கொசுவலை கட்டியாவது திறந்து வையுங்கள்.

ஒரே போர்வைக்குள் எல்லோரும் ஆவி பிடிப்பது

வேண்டாம்.

காய்ச்சலுக்காக ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும்) மாத்திரையை நிறுத்துவது

"மாத்திரை சூடு, காய்ச்சல் விட்டதும் போட்டுக்கலாம்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. மற்றத் தொற்றுகள் வராமல் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் நிறுத்தக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏ.ஆர்.டி.யில் பலருக்குத் தரும் டி.எல்.டி. மாத்திரையில் டோலுடெகிராவிர் என்ற மருந்து இருக்கிறது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அமில முறிப்பு மருந்தும், காய்ச்சலோடு சேர்த்துத் தரும் ஜிங்க், இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் அதை உடம்பில் சேரவிடாது. முதலில் டி.எல்.டி. போட்டால் 2 மணி நேரம் கழித்து மற்றவை. மற்றவற்றை முதலில் எடுத்துவிட்டால் டி.எல்.டி.க்கு 6 மணி நேரம் இடைவெளி. பாராசிட்டமாலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூணு நாள் பார்ப்போம் என்று காத்திருப்பது

ஃப்ளூவுக்கான மருந்தான ஓசெல்டாமிவிரை, அறிகுறி தெரிந்த முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், காலையும் இரவும், 5 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார். மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஃப்ளூ வகைப்பாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 'பி' பிரிவின் இரண்டாம் வகையில் வருகிறார்கள். பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்து தொடங்கலாம் என்பது அதன் பொருள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் ஃப்ளூவை ஒன்றும் செய்யாது.

ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எச்.ஐ.வி.யைச் சொல்லாமல் மறைத்தால், சாதாரணக் காய்ச்சல் மாத்திரைதான் கிடைக்கும். வரிசையில் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டாம், ஏ.ஆர்.டி. புத்தகத்தை மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி அவர் கடமை.

தடுப்பூசியை அவருக்கு மட்டும் போடுவது

சி.டி.4 குறைந்தவர் உடம்பில் ஊசி முழு அளவுக்கு வேலை செய்யாது. சுற்றியிருப்பவர்களும் போட்டால்தான் அவருக்குப் பாதுகாப்பு. வருஷம் ஒரு முறை, புரட்டாசிக்குள் போட்டுவிடுங்கள்; பலன் வர 2 வாரம் ஆகும். 9 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல் முறை என்றால் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி. மூக்கில் அடிக்கும் உயிருள்ள தடுப்பு மருந்து எச்.ஐ.வி. உள்ளவருக்குக் கூடாது.

காய்ச்சல் விட்டதும் தலைக்கு ஊற்றி, முடிந்தது என்று விட்டுவிடுவது

காய்ச்சல் விட்டாலும் பரவல் நிற்பதில்லை. காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து பெரியவர்களுக்கு 5 முதல் 7 நாள், பிள்ளைகளுக்கு 10 நாள் அல்லது அதற்கு மேலும் பரவும். அதுவரை படுக்கையைச் சேர்க்காதீர்கள்.

விட்ட காய்ச்சல் இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினாலோ, நடந்தால் மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 94-க்குக் கீழே காட்டினாலோ நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு இருமல் எத்தனை நாளாக இருந்தாலும், மற்றவர்களுக்கு 2 வாரத்தைத் தாண்டினாலும், அது ஃப்ளூ என்று இருந்துவிடாமல் சளியைக் காசநோய்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.