இணையப் பாட்டு வகுப்பு: தம்பூராவை விழுங்கும் போன்

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது குழந்தைகளுக்கு இணையத்தில் கர்நாடக இசை சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு நாள் அவள் வகுப்பில் ஓரமாக அமர்ந்து கேட்டேன். 2020-இல் என் இணைய வகுப்பில் நான் செய்த அதே கூத்து. நெட்வொர்க், மைக் தொல்லைகளை விட்டுவிடுகிறேன். அவை ஒரு வாரத்தில் பிடிபடும். இணையத்தில் பாட்டுச் சொல்லித்தருபவர்கள் தவிர்க்க வேண்டிய மற்றவை இதோ.

சுருதியை உங்கள் பக்கம் வைப்பது

ஒரே சீராக வரும் ஒலியை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து அழைப்புச் செயலி வடிகட்டிவிடும். சுருதிக்காக, அதாவது பாடுபவர் பற்றி நிற்கும் ஆதார ஒலிக்காக, மீட்டும் தம்பூராவோ இடைவிடாமல் ரீங்கரிப்பது. உங்கள் அறை நிறையக் கேட்கும். மாணவர் காதுக்குப் போய்ச் சேராது.

பதினோரு வயதுச் சிறுமி. எட்டு மாதத்தில் சரளி, ஜண்டை, ஏழு அலங்காரம் என்ற தொடக்கப் பயிற்சிகள் எல்லாம் முடித்தாள். நான் ஓர் ஆவர்த்தம் (ஒரு தாளச் சுற்று) பாடினால் அச்சு அசலாகத் திருப்பிப் பாடுவாள். சுருதி சுத்தம் என்று அவள் அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். பிறகு நேரில் வந்தாள். தம்பூராவை மீட்டி, "ஷட்ஜத்தில் நில்" என்றேன், அதாவது ஆதார 'ஸ'வைப் பிடி என்று. என் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "நீங்கள் முதலில் பாடுங்கள் டீச்சர்."

எட்டு மாதமும் அவள் பிடித்துக்கொண்டது என் குரலை, சுருதியை அல்ல. மறுபடி தொடக்கப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளை, மறுபடி முதல் சரளி. எந்தக் குழந்தைக்குத்தான் அலுக்காது? மூன்றாம் மாதம் நின்றுவிட்டாள். தவறு என்னுடையது, தண்டனை அவளுக்கு.

சுருதிப் பெட்டி மாணவர் பக்கம், அவருடைய கட்டையில் (குரலுக்கேற்ற சுருதி அளவில்), தனிக் கருவியில் ஒலிக்கட்டும். செயலியில் இசைக்கென்று ஒலி அமைப்பு இருந்தால் இருபுறமும் அதை இயக்குங்கள். நீங்கள் வாய் திறப்பதற்கு முன் ஷட்ஜம், பஞ்சமம் ('ப'), மேல் ஷட்ஜம் மூன்றையும் குழந்தை தானே பிடிக்க வேண்டும். வகுப்புதோறும்.

சேர்ந்து பாடுவது

ஒலி போய்த் திரும்பத் தாமதமாகும். குழந்தைக்காக நீங்கள் இழுப்பீர்கள், உங்களுக்காகக் குழந்தை இழுக்கும். முதல் காலத்தில் (வேகத்தில்) சமாளித்தாலும், ஓர் எண்ணிக்கைக்கு நான்கு ஸ்வரம் விழும் மூன்றாம் காலத்தில் ஆதி தாளம் நொண்டியடிக்கும். பாடிக் காட்டிவிட்டு மைக்கை அணையுங்கள். தாளம் குழந்தையின் கையிலேயே இருக்கட்டும். தட்டும் ஓசையையும் அந்த வடிகட்டி சில சமயம் விழுங்கும் என்பதால், கேட்கவில்லை என்று திட்டிவிடாதீர்கள்.

மகரக்கட்டு

பையனின் குரல் உடையும்போது கட்டையைக் குறையுங்கள். விரட்டாதீர்கள்.

முதல் மாதமே வீடியோ வெளியிடுவது

வேண்டாம்.