புது மடக்குக் கத்தியை முதல் வாரத்திலேயே கெடுத்துக்கொள்ளாமல் இருக்க

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பையன் ஒருவன் புது மடக்குக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். டைட்டானியம் பிடி, நல்ல பவுடர் ஸ்டீல் அலகு, திறந்தால் பட்டுப் போல விரிகிறது. வெளிநாட்டிலிருந்து அவன் சித்தப்பா வாங்கி வந்தது. நம்ம ஊர்க் கணக்கில் 20,000 ரூபாய்க்கு மேல். "அண்ணா, இவ்வளவு காசு வாங்கிட்டு ஒரு தக்காளிகூட ஒழுங்கா அறுக்க மாட்டேங்குது, நல்லா ஏமாத்திட்டாங்க" என்று ஒரே புலம்பல். புலம்பல்கூடப் பரவாயில்லை. இன்னொரு கையில் சமையலறைக் கத்தியை இழுத்து இழுத்துத் தீட்டுவார்களே, நடுவில் பிளவு வைத்த பிளாஸ்டிக் சாமான், அதை வைத்திருந்தான். கேட்காமலே பிடுங்கி என் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

அவன்மேல் கோபம் இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்ததையேதான் அவனும் செய்யப் பார்த்தான். நான் செய்தது அதைவிட மோசம்.

கத்தியால் ஸ்க்ரூ முடுக்காதே, பெயின்ட் டப்பா மூடியை நெம்பாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் செய்பவர்களுக்கு யார் சொன்னாலும் ஏறாது. கீழே இருப்பவை, தப்பு என்றே தெரியாமல் நாம் செய்யும் தப்புகள்.

பெட்டியிலிருந்து வரும் கூர்மையை வைத்துக் கத்தியை எடைபோடுவது

விலை கூடினால் கூரும் கூடும் என்று நினைக்கிறோம். ஆனால் நீங்கள் கொடுக்கும் காசில் கூருக்குப் போவது ரொம்பக் கொஞ்சம். ஸ்டீல், அதைச் சூடாக்கிப் பதப்படுத்தும் வேலை, அலகு ஆடாமல் அசையாமல் சுழலும் அச்சு, திறந்த அலகைப் பிடித்து நிறுத்தும் லாக் வந்து உட்காரும் துல்லியம், இவற்றுக்குத்தான் பெரும்பகுதி. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாய்ஸி என்ற ஊரிலிருந்து வரும் கிறிஸ் ரீவ் கம்பெனியின் செபென்சா கத்தியை ஒருமுறை கையில் வாங்கித் திறந்து மூடிப் பாருங்கள், காசு எங்கே போயிருக்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

கூர் என்பது கடைசிக் கட்டம். பெரும்பாலான தொழிற்சாலைகளில் ஓடுகிற உப்புத்தாள் பெல்ட்டின் முன்னால் ஓர் ஆள் நின்று, இந்தப் பக்கம் சில இழுப்பு, அந்தப் பக்கம் சில இழுப்பு இழுத்து, பஃப் என்கிற பாலிஷ் சக்கரத்தில் ஒரு தடவு தடவி அடுத்த கத்தியை எடுப்பார். கை வேலை என்பதால் கூருக்காகச் சாய்வாகத் தேய்த்த பட்டை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் இருக்கலாம், ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் இரண்டு விதமாக வரலாம். போதாததற்குச் சில கம்பெனிகள் வேண்டுமென்றே கூரின் பின்பக்கத்தைத் தடியாக விடுகின்றன. மெல்லியதாக விட்டால் யாராவது ஆணியை நெம்பிக் கத்தியின் வாயை உடைத்துக்கொண்டு மாற்றித் தா என்று வருவார்கள், அந்தத் தலைவலி அவர்களுக்கு வேண்டாம்.

சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்தியோ பிரான்சின் ஓபினெல் 8-ஆம் நம்பரோ பெட்டியைப் பிரித்ததும் தக்காளியை வழுக்கிக்கொண்டு அறுப்பதும், ஐந்து மடங்கு விலையுள்ள கத்தி முக்குவதும் இதனால்தான். அவற்றின் அலகு மெல்லியது. கூருக்குச் சற்று மேலே அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள கத்தி கேரட்டை அறுக்கும், ஒரு மில்லிமீட்டர் உள்ள கத்தி அதே கேரட்டைப் பிளக்கும். நீங்கள் எவ்வளவு தீட்டினாலும் அப்படித்தான். அது கூரின் குறை இல்லை, வடிவத்தின் குணம், வாங்குவதற்கு முன்னாலேயே பார்த்திருக்க வேண்டிய விஷயம்.

ஸ்டீல் பெயரைத் துரத்துவது

எஸ்30வி ஸ்டீல் வைத்திருப்பவர் மேக்னாகட் ஸ்டீலுக்கு ஏங்குகிறார். முதலில் கையில் இருப்பதைத் தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள்.

கை முடியை மழித்துப் பார்ப்பது

புதுக் கத்தி கிடைத்தவுடன் முன்கையை வழித்துக்கொண்டு திரிவது ஒரு வியாதி, எனக்கும் இருந்தது. தீட்டும்போது மிஞ்சிக் கூரின் ஓரத்தில் மடங்கி நிற்கும் மெல்லிய இரும்பு நூல், அதாவது பிசிர்கூட முடியை மழித்துவிடும். ஆனால் ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்தால் போதும், பிசிர் சாய்ந்துவிடும், கத்தி மழுங்கிவிட்டதாகத் தோன்றும். உடனே "இந்த ஸ்டீல் சரியில்லை" என்று தீர்ப்பு.

நான் செய்வது இது. பழைய நாளிதழ்த் தாள் ஒன்றை ஒரு கையில் தொங்கவிட்டு, பிடியை ஒட்டிய இடத்தில் தொடங்கி முனைவரை ஒரே இழுப்பில் அறுப்பேன். எங்கே சத்தம் மாறுகிறதோ, எங்கே தாள் பிசுபிசுவென்று கிழிகிறதோ, அங்கே கோளாறு. அப்புறம் மேஜை விளக்கின் கீழ் கூரை மேல்நோக்கிப் பிடித்துப் பார்ப்பேன். நல்ல கூர் கண்ணுக்கே தெரியாது, வெறும் கறுப்புக் கோடுதான். எங்காவது ஒரு பொட்டு வெளிச்சம் மின்னினால் அங்கே மழுங்கல் அல்லது பிசிர்.

மின்சாரச் சக்கரம், சாணை மிஷின், சூடு கிளப்பும் எதுவும்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

2015-இல் நான் வாங்கிய முதல் நல்ல கத்தி அது. கம்பெனி பெயர் வேண்டாம், எஸ்30வி அலகு, ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. வந்த அன்றே தாளில் வைத்து இழுத்தேன், அறுக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு முகமே செத்துவிட்டது. கோவையில் அப்போது எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை சைக்கிளில் சாணைக்காரர் வருவார், எங்கள் வீட்டு அரிவாள்மனையும் தேங்காய் துருவியும் அவர் கைப்பட்டுத்தான் ஓடின. அவரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

வாங்கி, விரித்து, பெருவிரலால் குறுக்கே தடவிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். "தம்பி, இது வேற இரும்புங்க. என் கல்லுக்கு இது சரிப்படாது, வேண்டாங்க" என்றார். நாற்பது வருடம் சாணை பிடித்த மனிதர் வேண்டாம் என்கிறார், ஆனால் இணையத்தில் மூன்று வாரம் படித்துவிட்டு வந்திருந்த எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. "பரவாயில்லீங்க, சும்மா ரெண்டு இழுப்பு போட்டுக் குடுங்க" என்றேன். இரண்டு இழுப்பில் ஒன்றும் ஆகவில்லை. "இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க" என்று சொன்னதும் நான்தான். தண்ணீர் இல்லாத கல். பொறி பறந்தது, அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வேறு. முனைப் பக்கம் முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா கலந்த நீலம். அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். 40 ரூபாய் கொடுத்தேன், வாங்கத் தயங்கினார்.

என்ன நடந்தது என்று விளங்கவே ஒரு வருடம் ஆனது. எஸ்30வி 2001-வாக்கில் அமெரிக்காவின் குரூசிபிள் கம்பெனியில் டிக் பார்பர் என்பவர், கிறிஸ் ரீவ் போன்ற கத்திக்காரர்களின் யோசனையோடு, கத்திக்கென்றே உருவாக்கிய ஸ்டீல். அதில் 4 சதவீதம் வனேடியம். அது கார்பனோடு சேர்ந்து ஸ்டீலுக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக நிற்கிறது. சாணைக் கல்லில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு, அதாவது நம்ம குருந்தம். ஆங்கிலக்காரனின் ‘கொரண்டம்’ என்ற சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். சாதாரண இரும்புக்கு அது ராஜா. வனேடியம் கார்பைடு அதைவிடக் கடினம். சுற்றியிருக்கும் இரும்பு தேயும், அந்தத் துகள்கள் சுலபத்தில் தேயாது. அதனால் அழுத்தத் தோன்றும், அழுத்தினால் சூடு ஏறும். அலகின் நடுவில் அந்தச் சூடு பரவிப் போய்விடும், கூரின் ஓரமோ தாளைவிட மெல்லியது, அங்கே போக்கிடம் இல்லாமல் அந்த இடம் மட்டும் காய்ந்துவிடும். நீலம் பாய்ந்தால் பதம் போனது போனதுதான். பார்க்கக் கூராக இருக்கும், ஒரு சணல் கயிற்றை அறுத்தால் வாய் மடியும்.

சக்கரத்தின் வளைவால் பிடியை ஒட்டிய இடத்தில் ஒரு குழி விழுந்திருந்தது, முனை உருண்டு போயிருந்தது. வைரத் தூள் ஒட்டிய டயமண்ட் பலகை வாங்கி நான்கு ராத்திரி உட்கார்ந்து, நீலம் போகும்வரை, குழி மறையும்வரை தேய்த்தேன். அலகில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் போச்சு. அதோடு முடிந்ததா? அலகு மேலே போகப் போகத் தடிமன் கூடும் இல்லையா, கூர் இப்போது அந்தத் தடித்த பகுதிக்கு ஏறிவிட்டது. மறுபடி இரண்டு பக்கமும் மெலிய வைத்தால்தான் பழையபடி அறுக்கும், அதற்கு எனக்குப் பொறுமையும் இல்லை, கைத்திறனும் இல்லை. இன்றைக்கும் அந்தக் கத்தி கேரட்டைப் பிளக்கத்தான் செய்கிறது.

தொழிற்சாலை பெல்ட்டும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்துவிடுவதுண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. புதுக் கத்தி இரண்டு மூன்று முறை கையால் தீட்டியபின் கூரை அதிக நாள் பிடித்து வைப்பதைப் பல பேர் கவனித்திருக்கிறோம். சூடு பட்ட அந்த மெல்லிய ஓரம் தேய்ந்துபோய் நல்ல ஸ்டீல் வெளியே வருவது அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆக, வந்தவுடன் மழுங்கினால் ஸ்டீலைத் திட்டாதீர்கள், இரண்டு தீட்டல் வரை பொறுங்கள்.

அந்தப் பையன் கையில் இருந்த இழுப்புச் சாமானும் இந்த ரகம்தான். சூடு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே டங்ஸ்டன் கார்பைடு துண்டுகள் இரண்டு குறுக்காக நிற்கும், அவை கூரைத் தீட்டுவதில்லை, சுரண்டி எடுக்கின்றன. நூறு ரூபாய்க் காய்கறிக் கத்திக்கு ஓகே.

கோணம் தெரியாமல் கல்லில் வைப்பது

கறுப்பு மார்க்கர் பேனா ஒன்றை எடுத்துக் கூரின் பட்டை முழுக்கப் பூசுங்கள். கல்லில் லேசாக இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை கூரின் ஓரத்தில் மட்டும் அழிந்தால் கத்தியை அதிகம் தூக்கிவிட்டீர்கள், மேல் ஓரத்தில் மட்டும் அழிந்தால் அதிகம் சாய்த்துவிட்டீர்கள். பட்டை முழுக்க அழிந்தால் கம்பெனிக்காரன் வைத்த கோணம் அதுதான். பொதுவாகப் பக்கத்துக்கு 15-லிருந்து 20 டிகிரிக்குள் இருக்கும், ஆனால் எண்ணை நம்பாதீர்கள், மையை நம்புங்கள். சொரசொரப்பு எண் 400, 1000 என்று இரண்டு டயமண்ட் பலகை போதும், எண் கூடக் கூடப் பலகை நைசு. கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்று 8000 வரை போகிறவர்கள் போகட்டும், கயிறும் அட்டையும் அறுக்க எனக்கு 1000-இன் சொரசொரப்பே பிடிக்கிறது.

அச்சில் தேங்காய் எண்ணெய்

வேண்டாம். ஊட்டிக்குப் போனால் உறைந்தே போகும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்குவது

அது பெரும்பாலும் போலி, வேறு கத்தி.

கேபின் பையில் வைத்துவிட்டு விமான நிலையம் போவது

செக்-இன் பையில் போடுங்கள். நான் ஒன்றைப் பாதுகாப்புச் சோதனைத் தட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பிசிரைப் பார்க்காமலே கல்லை எடுப்பது

இனி அந்தப் பையனின் கத்திக்கு வருகிறேன். டிராயரைப் பூட்டியபின் உட்காரவைத்து, அலகின் பக்கவாட்டில் விரல் நுனியை வைத்து முதுகிலிருந்து கூரை நோக்கி மெதுவாக வெளியே தள்ளச் சொன்னேன். நீளவாக்கில் ஓட்டக் கூடாது, அறுத்துவிடும். வலப்பக்கம் மொழுமொழு. இடப்பக்கம் விரலில் ஏதோ கொக்கி மாதிரி மாட்டியது. "ஏதோ தடுக்குதுண்ணா." அதுதான் பிசிர். பெல்ட்டில் கடைசி இழுப்பு இழுத்த ஆள் மறுபக்கம் திருப்பிச் சரியாகத் தடவாமல் விட்ட இரும்பு நூல்.

என்னுடைய பழைய தோல் பெல்ட்டை மேஜையில் விரித்து, உள்பக்கத்தை மேலே வைத்து, பாலிஷ் மருந்து எதுவும் இல்லாமல், முதுகு முன்னால் போக, கூர் பின்னால் வர, பக்கத்துக்கு இருபது தடவை இழுக்கச் சொன்னேன். முதலில் அழுத்தினான், கையைத் தட்டினேன். கத்தியின் எடையே போதும். மூன்று நிமிஷம். பிறகு பழைய தாளை நீட்டினேன். பிடியிலிருந்து முனைவரை சத்தமே இல்லாமல் இறங்கியது.

2015-இல் என் கத்திக்கும் வேண்டியிருந்தது அநேகமாக இந்த மூன்று நிமிஷம்தான். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கிளம்பும்போது இழுப்புச் சாமானைத் திருப்பிக் கேட்டான். டிராயர் சாவி எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.