ஜெவ்ரே-ஷாம்பெர்தேன்: ஒரு பர்கண்டி ஒயினை முதன்முறையாகச் சுவைப்பது எப்படி?

ஒயின் சுவைக்கத் தொடங்குகிறவர்கள் செர்ரி மணமா, ராஸ்பெர்ரி மணமா என்று தேடித் தவிக்கிறார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நெல்லிக்காயும் நாவல்பழமும் தின்று வளர்ந்த நாக்குக்குப் புளிப்பும் துவர்ப்பும் நன்றாகத் தெரியும். நல்ல சிவப்பு ஒயினின் எலும்புக்கூடு அந்த இரண்டும்தான்.

பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது பிரான்சின் பர்கண்டி வட்டாரத்து ஜெவ்ரே-ஷாம்பெர்தேன். லேபிளில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது, ஊரின் பெயர்தான் இருக்கும். திராட்சை பினோ நுவார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததே. ஊரின் பழைய பெயர் ஜெவ்ரே மட்டும். தன் எல்லைக்குள் இருக்கும் புகழ்பெற்ற ஷாம்பெர்தேன் தோட்டத்தின் பெயரை 1847-இல் சேர்த்துக்கொண்டது. லேபிளில் 'பிரெமியே க்ரூ' என்றிருந்தால் தோட்டத்தின் தரம் ஒரு படி மேல், 'கிராங் க்ரூ' என்றால் உச்சம். தொடக்கத்துக்கு ஊர்ப்பெயர் மட்டும் உள்ள புட்டி போதும். கிராங் க்ரூ விலை மிக அதிகம், இளமையில் திறந்தால் மணமும் சுவையும் அடங்கியே கிடக்கும், வாய் திறந்து பேசவும் பேசாது.

புட்டியைத் திறக்குமுன் நிலத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். டிஜோன் நகருக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில், கிழக்கு நோக்கிச் சரியும் நீண்ட மலைச்சரிவு. காலை வெயில் நேராக விழும். மண், சுண்ணாம்புக்கல்லும் களியும் கலந்தது. சரிவின் நடுவில் மழைநீர் தேங்காமல் வடிந்துவிடும். கிராங் க்ரூ தோட்டங்கள் இருப்பது அங்கேதான். கீழே சமதளத்தில் மண் கனக்கிறது, ஒயினும் எளிமையாகிறது. க்ளோ த பேஸ் என்ற தோட்டம் 7-ஆம் நூற்றாண்டிலேயே பேஸ் மடத்துத் துறவிகளிடம் இருந்தது. இப்படி எல்லை பிரித்துப் பெயரிட்ட துண்டு நிலங்களை அங்கே 'க்ளிமா' என்கிறார்கள். 2015-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இனி கோப்பைக்கு வருவோம். ஒயின் 15 அல்லது 16 டிகிரியில் இருக்கட்டும். வெப்பமான அறை என்றால் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சூடேறினால் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கைத் தாக்கும். அடி அகன்று வாய் குறுகிய கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

எழுத்துள்ள வெள்ளைத்தாளின் மேல் கோப்பையைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். பினோ நுவாரின் தோல் மெல்லியது, அதனால் அடியில் இருக்கும் எழுத்து ஓரளவு தெரியும். நிறம் வெளிறியிருப்பது குறையில்லை. விளிம்பு செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தால் வயதாகிவிட்டது என்று பொருள்.

முதலில் கோப்பையை அசைக்காமல் முகருங்கள். பிறகு சுழற்றி மறுபடி முகருங்கள். இளம் ஒயினில் சிவந்த பழங்கள், முதிர்ந்ததில் ஈர இலை, காளான். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க் கெட்டுப்போயிருக்கிறது. எனக்கு முதலில் கிடைத்த புட்டி அப்படிப்பட்டது. பர்கண்டியே இப்படித்தான் என்று எண்ணி ஓராண்டு தொடாமல் இருந்துவிட்டேன். வேறு புட்டி திறங்கள், தீர்ப்பு வேண்டாம்.

அடுத்தது வாய். சிறிது உறிஞ்சி, உடனே விழுங்காமல், உதட்டிடுக்கில் கொஞ்சம் காற்றை இழுத்து நாக்கெங்கும் பரப்புங்கள். நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறுகிறதா? அது புளிப்பு. ஈறும் கன்னத்தின் உட்புறமும் இறுகி உலர்கின்றனவா? அது துவர்ப்பு, திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின். பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல் சுரண்டுகிறதா, கொட்டைப்பாக்கை ஊறவைத்து மென்றதுபோல் மென்மையாகப் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். ஜெவ்ரேயின் துவர்ப்பு பர்கண்டியில் பலம்கூடிய வகை. நல்ல புட்டியில் அது பிடிக்கும், ஆனால் கீறாது.

விழுங்கியதும், அல்லது துப்பியதும், மனத்துக்குள் எண்ணத் தொடங்குங்கள். சுவை எத்தனை விநாடி நிற்கிறது? எனக்கு இதுதான் முக்கியமான அளவுகோல். பல புட்டிகளைச் சுவைப்பவர்கள் துப்புவது வழக்கம், அதில் அவமரியாதை எதுவும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து அதே கோப்பையை மறுபடி சுவையுங்கள். காற்றுப்பட்டு மணம் விரிந்திருக்கும். இடையில் கடிக்க, பர்கண்டி ஒயின் அறைகளில் தருவதுபோல் கூஜேர் என்ற சீஸ் உருண்டை கிடைத்தால் நல்லது. கோப்பையைக் கழுவுமுன் கடைசியாக ஒருமுறை முகருங்கள். ஒயின் தீர்ந்த பிறகும் அடியில் ஒட்டியிருக்கும் மணம் சற்று நேரம் அங்கேயே இருக்கும்.