எல்லை ஓரத்தில் மாற்றுத்திறனாளி பென்ஷன்: முகவரியைச் சரி செய்துவிட்டு மனுப் போடுங்கள்

ரேஷன் கார்டு தமிழ்நாட்டின் கம்பம் ஊரில், வேலை கேரளத்தின் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில், ஆதார் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து முகவரியில். தேனி, இடுக்கிப் பக்கம் இப்படி இருப்பது சகஜம். செங்கோட்டை, களியக்காவிளைப் பக்கமும் இதே கதைதான். மருத்துவர் ஊனத்தின் சதவீதம் போட்டுக் கொடுத்த பிறகும் மனு நகராமல் கிடப்பதற்கு இந்த முகவரிச் சிக்கல் ஒரு முக்கியக் காரணம். மாற்றுத்திறனாளிக்கான மத்திய அரசு அடையாள அட்டையான யு.டி.ஐ.டி இந்தியா முழுவதும் செல்லும். பென்ஷன் அப்படியல்ல, அது மாநிலத்தின் பணம். தமிழ்நாட்டிலா கேரளத்திலா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு மூன்றையும் அந்தப் பக்கத்து முகவரிக்குக் கொண்டுவந்த பிறகு மனுப் போடுங்கள். இரண்டு பக்கமும் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

முகவரியோடு பெயரையும் பாருங்கள். கேரளக் காகிதங்களில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் வரும், சிலவற்றில் வீட்டுப் பெயரும் ஒட்டிக்கொள்ளும். 'எம். முருகன்' அங்கே 'முருகன் எம்' ஆகியிருப்பார். ஆதாரில் இருக்கும் எழுத்துதான் யு.டி.ஐ.டி-க்கும் போகும். அதனால் ஆதாரைத் திருத்திவிட்டு அட்டைக்கு விண்ணப்பியுங்கள், மாற்றிச் செய்தால் இரண்டு முறை அலைய வேண்டும்.

அட்டைக்கான விண்ணப்பம் மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில். தமிழ்நாட்டில் இ-சேவை மையத்திலும், கேரளத்தில் அக்ஷயா மையத்திலும் பதிந்து தருவார்கள். குடியிருக்கும் மாவட்டத்து மருத்துவக் குழுவிடமோ, சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலோ சான்று கேட்க விதி இடம் தருகிறது.

மருத்துவக் குழு ஊனத்தை மதிப்பிடும் முகாமுக்குப் போகும்போது எக்ஸ்ரே, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ஓ.பி. சீட்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு போக வேண்டும், ஏனென்றால் கண்ணாடி போட்ட பிறகு மிஞ்சும் பார்வையைத்தான் அளப்பார்கள். பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள். கைகால் எவ்வளவு தேறும் என்று அதற்குள் தெரியாது.

சதவீதக் கணக்கில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் 40 சதவீதம் வேண்டும். ஒரு கண் முழுக்கப் போய் மற்றது நன்றாக இருந்தால் 30 மட்டுமே, அதாவது பென்ஷன் இல்லை. ஒரு காது மட்டும் கேட்காவிட்டாலும் கிடையாது. இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு வேண்டும். இரண்டு குறைகள் இருந்தால் எண்களை அப்படியே கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். காலுக்கு 20, கண்ணுக்கு 20 என்றால் 40 வராது, 35.6-தான் வரும். 30-உம் 20-உம் இருந்தால் 43.3 வந்து தப்பித்துவிடலாம். மதிப்பீடு தவறு என்று தோன்றினால் 90 நாளைக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதுவரை மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அட்டை வந்ததும் தமிழ்நாட்டில் இரண்டு வழி. வருவாய்த் துறையின் பென்ஷன் மாதம் 1,500 ரூபாய். வயது 18-க்கு மேல், ஊனம் 40 சதவீதம் இருக்க வேண்டும், தனி வட்டாட்சியர் பார்ப்பார். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000. கடும் ஊனத்துக்கு 75 சதவீதமும், அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, தொழுநோயிலிருந்து குணமானவர்கள் ஆகியோருக்கு 40 சதவீதமும் போதும். இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். தகுதி இருந்தும் தாலுகா ஆபீஸ் பக்கம் என்பதற்காக 1,500-க்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாதம் 500 ரூபாயை விடாதீர்கள்.

கேரளப் பக்கம் மனு கிராமப் பஞ்சாயத்துக்குப் போகும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது, வருமானச் சான்று வில்லேஜ் ஆபீசில். தொகை 2025 நவம்பர் முதல் 2,000.

வாங்க ஆரம்பித்த பிறகுதான் கவனம் தேவை. கேரளத்தில் மஸ்டரிங், அதாவது பயனாளி உயிரோடு இருப்பதைச் சரிபார்ப்பது, அறிவித்ததும் அக்ஷயாவில் விரல் வைக்க வேண்டும். படுக்கையில் இருப்பவர் என்று சொன்னால் வீட்டுக்கே வருவார்கள், ஆனால் சொல்லியாக வேண்டும். தவறவிட்டால் பணம் நிற்கும். தமிழ்நாட்டில் வாழ்நாள் சான்று கேட்கும்போது தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளைகளின் சான்றில் இருக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அறிவுசார் குறைபாட்டுச் சான்றை 5, 10, 18 வயதில் புதுப்பிக்க வேண்டும். 18-இல் தருவது ஆயுளுக்கும். தேதி முடிவதற்கு மூன்று மாதம் முன்பே மனுப் போட்டால்தான் இடைவெளி விழாது. 18 முடிந்ததும் பெற்றோர் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவருக்கு, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் சான்று வாங்கலாம். வங்கியில் இதைக் கேட்கும்போது கையில் இல்லையென்றால் சிரமம்.

பணம் திடீரென்று நின்றால், அலுவலகத்துக்கு ஓடும் முன் பழைய பாஸ்புக்குகளை எடுத்துப் பாருங்கள். ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்கில்தான் விழும். தோட்டத்தில் சம்பளத்துக்காகத் திறந்த கணக்கில் ஆதாரைக் கொடுத்திருந்தால் பென்ஷன் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை மைஆதார் தளத்தில் ஓ.டி.பி போட்டுப் பார்க்கலாம். அங்கேயும் இல்லையென்றால், தமிழ்நாட்டில் மனு எண்ணோடும் பாஸ்புக் நகலோடும் ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.