பாழடைந்த செட்டிநாட்டு வீட்டை இருவராக மீட்டெடுப்பது எப்படி

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் என் கணவரின் ஐயா (தாத்தா) பிறந்த வீடு இருக்கிறது. வீடு என்று சொல்கிறோமே தவிர, புதிதாகப் பார்க்கிறவர்கள் அரண்மனை என்றுதான் சொல்வார்கள். வாசல் ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள், மாடியில் கண்ணாடி பதித்த வளைவுகள், அதன்மேல் சுதைச் சிற்பங்கள். நாங்கள் பூட்டைத் திறந்தபோது வௌவால் எச்சம் கணுக்கால் வரை இருந்தது, மாடிச் சுவரில் என் கை தடிமனுக்கு ஒரு அரச மரம் வளர்ந்து நின்றது.

இந்த நான்கு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் செய்ததை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று இப்போது தெரிந்த வரிசையில் எழுதுகிறேன். நாங்கள் கட்டடம் படித்தவர்கள் இல்லை. அதனால் இது முதன்முதலாக இறங்குகிறவர்களுக்கான குறிப்பு. ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: முதலில் தண்ணீர். அழகு, தரை, வர்ணம் எல்லாம் அப்புறம்.

படி 1: யாருடைய வீடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

பர்மா, இலங்கை, மலேயா என்று கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்யப் போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சம்பாதித்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940-கள் வரை கட்டிய வீடுகள் இவை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வரவு அறுந்தது. பிறகு பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போக, வீடு பூட்டிக்கொண்டது. பூட்டிய வீட்டுக்குப் பங்காளிகள் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே போனார்கள். எங்கள் வீட்டுக்குப் பதினான்கு பங்கு.

தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தமாக இருந்தால் நத்தம் பட்டா, இறந்தவர்களுக்கு வாரிசுச் சான்று, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். ஒருவர் பங்கை வாங்கினாலும் சரி, பராமரிக்க ஒப்புதல் மட்டும் வாங்கினாலும் சரி, எழுத்தில் வாங்கிப் பதிவு செய்யுங்கள். "நம்ம வீடுதானே, பாத்துக்கப்பா" என்ற வாய்ச்சொல்லை நம்பி ஓட்டைப் பிரிக்காதீர்கள். இந்த வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். பங்காளி வீடுகளுக்கு அவர் போனால்தான் பேச்சு நகரும். நான் வீட்டுக்குள் அளவெடுத்தேன், படம் எடுத்தேன். இருவரும் ஒரே வேலையைப் பார்க்காமல் பிரித்துக்கொண்டது அப்போதே தொடங்கியது.

செட்டிநாட்டு ஊர்கள் சில 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பெருமையான விஷயம்தான், ஆனால் உங்கள் வீட்டுக்கு அதனால் தானாக ஒரு பாதுகாப்பும் வந்துவிடாது. காப்பாற்ற வேண்டியது நீங்கள்தான்.

படி 2: ஒரு ஐப்பசி மழையை உள்ளே உட்கார்ந்து பாருங்கள்

இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால், கையில் வீட்டின் வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு (கோடு போட்ட நோட்டில் கையால் வரைந்தது போதும்) ஒரு நல்ல மழையில் இரண்டு பேரும் வீட்டுக்குள் நில்லுங்கள். ஒருவர் மேலே பார்க்க வேண்டும், ஒருவர் கீழே. சொட்டுகிற இடத்தில் எல்லாம் ஒரு பாத்திரம் வைத்து, வரைபடத்தில் எண் போடுங்கள். முதல் வருடம் நாங்கள் வைத்தது இருபத்து மூன்று பாத்திரம். அடுப்படிப் பரணில் கிடந்த பித்தளைக் குண்டான், ஈயச்சட்டி, கடைசியில் கோலப்பொடி டப்பா வரை போனது.

கவனியுங்கள், சொட்டுகிற இடமும் ஒழுகுகிற இடமும் ஒன்றில்லை. ஓட்டில் புகுந்த தண்ணீர் சட்டத்தின் வழியே நாலடி ஓடி வந்து வேறெங்கோ விழும். மழை நின்றதும் டார்ச் அடித்து, மரத்தில் ஈரக்கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

பிறகு வளவுக்கு வாருங்கள். நான்கு பக்கக் கூரையும் இந்த நடு முற்றத்தில்தான் தண்ணீரைக் கொட்டுகிறது. முற்றத்து மூலையில் இருக்கும் தூம்பு வழியாக அது தெருக் கால்வாய்க்குப் போய், ஊருணியில் சேரும்படி அந்தக் காலத்தில் அமைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் தூம்பு அடைத்து, முற்றத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீர்தான் வருடக்கணக்காகச் சுவரில் ஏறி ஓதம் காட்டியிருக்கிறது. மூங்கில் குச்சியும் வாளியுமாக ஒரு பகல் முழுக்கத் தோண்டினோம். மண், ஓட்டுத் துண்டு, ஒரு பித்தளைச் சொம்பு, எல்லாம் வந்தது. பைசா செலவில்லாத அந்த ஒரு நாள் வேலை, பின்னால் நாங்கள் செய்த பல வேலைகளைவிட அந்த வீட்டுக்கு நல்லது செய்தது.

படி 3: செடி, பூச்சி, பாம்பு

தனியாக யாரும் பூட்டிய அறைக்குள் நுழைய வேண்டாம். ஒருவர் உள்ளே, ஒருவர் வாசலில். முழுக்கால் பூட்ஸ், தோல் கையுறை, வௌவால் எச்சம் அள்ளும்போது நல்ல முகக்கவசம், அதுவும் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகுதான் அள்ள வேண்டும். தேன்கூடு இருந்தால் ஆள் கூப்பிடுங்கள்.

சுவரில் முளைத்த ஆல், அரசைக் கையால் பிடுங்காதீர்கள். வேர் செங்கலுக்கு நடுவே பின்னிக் கிடக்கும், இழுத்தால் சுவரும் சேர்ந்து வரும். அடியோடு வெட்டி, வெட்டுவாய் காய்வதற்குள் களைக்கொல்லியைத் தூரிகையால் தடவுங்கள். வேர் செத்துச் சுருங்க மாதக்கணக்காகும். அதற்குப் பிறகு துண்டு துண்டாக எடுத்துவிட்டு, அந்தப் பொந்தைச் சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள்.

படி 4: கூரை

எங்கள் மொத்தச் செலவில் பாதி இங்கேதான் போனது, போகத்தான் வேண்டும். தை பிறந்ததும் தொடங்கி ஆடிக்குள் முடித்துவிடுங்கள்.

ஓட்டுக் கூரை என்றால் ஒரு சரிவாகப் பிரித்து மேயுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்தால் திடீர் மழைக்குப் பதில் சொல்ல முடியாது. நாட்டு ஓடு கையால் செய்தது, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பிரிக்கும்போது கணிசமாக உடையும். இடிக்கிற வீடுகளிலிருந்து பழைய ஓடு வாங்கிக் கொல்லையில் முன்கூட்டியே அடுக்கி வையுங்கள்.

ஓட்டைப் பிரித்ததும் மரம் தெரியும். திருப்புளியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு உத்திரமும் சுவருக்குள் புகும் முனையைக் குத்திப் பாருங்கள். நடுவில் கல் மாதிரி இருக்கும் தேக்குக்கூட, சுவருக்குள் காற்றுப்படாமல் ஈரத்தில் கிடக்கும் முனையில் உளுத்திருக்கும். திருப்புளி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால், கீழே முட்டுக் கொடுக்காமல் ஒரு ஓட்டைக்கூடத் தொடாதீர்கள். உத்திரத்தை முழுதாக மாற்ற வேண்டும் என்பதில்லை. கெட்ட முனையை மட்டும் அறுத்துவிட்டு, பழைய தேக்கிலேயே துண்டு சேர்த்து இணைக்கத் தெரிந்த ஆசாரிகள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

மாடித் தளம் மெட்ராஸ் டெரஸாக இருக்கும். தேக்குக் கட்டைகளுக்கு மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில், கோணலாக வரிசை வைத்து, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து அடித்து, மேலே தட்டையான ஓடு (தட்டோடு) பதித்த தளம். விரிசலுக்கு மேலே சிமெண்டு பூசுவதுதான் எல்லோரும் சொல்லும் வைத்தியம். வேண்டாம். சிமெண்டு விறைப்பு, அடியில் இருக்கும் சுண்ணாம்புத் தளம் வெயிலுக்கும் குளிருக்கும் கொஞ்சம் அசையும், இரண்டும் ஒத்துப்போகாமல் அடுத்த வெயிலில் புது விரிசல் விடும். தட்டோட்டை எடுத்து, கெட்ட இடத்தை மட்டும் சுண்ணாம்பு ஜல்லியால் நிரப்பி, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து அடித்து இறுக்க வேண்டும். நாள்கணக்காகும், அவசரப்பட்டால் பலன் இல்லை.

படி 5: ஒரே ஒரு அறையை முழுதாக முடியுங்கள்

நகரத்தார் கணக்கில் கல்யாணமான கணவன் மனைவி சேர்ந்து ஒரு புள்ளி. வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் புள்ளிக்கு ஒன்று என்று ஒதுக்கியவை. என் கணவரின் அப்பத்தா கல்யாணமாகி வந்து சாமான் வைத்த அறை தென்வரிசையில் மூன்றாவது. கூரை முடிந்ததும் நாங்கள் அந்த அறையை மட்டும் எடுத்தோம். அத்தனை பெரிய வீட்டில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று தொட்டால் பணமும் போகும், மனமும் சோர்ந்து, இரவில் சண்டைதான் மிஞ்சும். எங்களுக்கு மிஞ்சியது. ஒரு அறை முடிந்து அதில் பாய் விரித்துப் படுத்த பிறகு பேச்சே மாறிவிட்டது.

படி 6: சுவர்

விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பூச்சு நன்றாக இருக்கிறது, தொடாதீர்கள். டொக் டொக் என்று பானை மாதிரி ஒலித்தால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் இருப்பதை மட்டும்தான் கொத்த வேண்டும்.

எங்கள் அடுப்படிச் சுவரின் அடிப்பாகம் உதிர்ந்துகொண்டிருந்தது. கொத்தனார், "ஆச்சி, சிமெண்டு போட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்" என்றார். நானும் சரி என்றேன். அடுத்த மழைக்காலத்தில் சிமெண்டு பூசிய மூன்றடிக்குள் வெளியேற வழி இல்லாத ஈரம், அதற்கு மேலே ஏறி, அதுவரை நன்றாக இருந்த பழைய பூச்சை உப்புப் பூக்க வைத்துவிட்டது. சிமெண்டு முழுவதையும் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே காயவிட்டுத்தான் திரும்பப் பூசினோம். இந்தச் சுவர்கள் சுண்ணாம்பால் மூச்சு விடுகிற சுவர்கள்.

காரை தயாரிக்கும் முறை: தரையில் தொட்டி அமைத்து முதலில் தண்ணீர் நிரப்பி, அதில் சுட்ட சுண்ணாம்புக் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கட்டியின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி கட்டாயம், கண்ணில் பட்டால் பார்வையே போகும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியிலேயே குறைந்தது ஒரு மாதம் விடுங்கள். தயிர்க்கட்டி மாதிரி கரண்டியில் வழுக்கி நிற்கும்போது சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த ஆற்று மணல், அதற்கு மேல் பூச்சுக்கு இரண்டு பங்கு. இடித்த கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் புளித்த தண்ணீரைச் சேர்த்து அரைத்துக்கொள்ள வேண்டும்.

சுவரை நன்றாக நனைத்துவிட்டுப் பூசுங்கள். ஒரு பூச்சு விரல் தடிமனுக்குள் இருக்கட்டும். வெயில் நேராகப் பட்டால் சுருக்கென்று காய்ந்து வெடிக்கும், அதனால் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது ஈரமாக வையுங்கள். சுண்ணாம்பு வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை, காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மெல்ல இழுத்துத்தான் கல்லாகிறது.

கடைசிப் பூச்சுதான் செட்டிநாட்டுக்கே பெயர் வாங்கிக் கொடுத்தது. மாவாக அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, மெல்லிசாக இழுத்து, வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர், உள்ளங்கையைச் சுவரில் வைத்து எடுத்து, கை ஒட்டாமல் குளிர்ச்சியாக இருந்தால் தேய்க்கலாம் என்பார். நான் தேய்த்த ஒன்றரை அடிச் சதுரத்தில் சாயங்காலம் ஜன்னல் கம்பியின் நிழல் மட்டுமில்லை, கம்பியே மங்கலாகத் தெரிந்தது. அன்று தோள் வலியில் தூக்கம் வரவில்லை, ஆனாலும் விளக்கை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இந்த வேலையை முதல் தடவை கதவுக்குப் பின்னால் இருக்கும் மூலையில் பழகிவிட்டு வெளியே வாருங்கள்.

படி 7: தரையும் மரமும்

தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) சூளையில் சுட்டதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. பளபளப்பு அந்தக் கண்ணாடியால் வருவது. அதனால் ஆசிட் ஊற்றிக் கழுவினால் அன்றோடு பூ வேலை மங்கும். மெல்லிய சோப்புத் தண்ணீர், தேங்காய் நார், பிறகு தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். பத்து தடவைக்குப் பிறகுதான் நிறம் மேலே வரும். உடைந்த கல்லுக்கு மாற்று வேண்டுமென்றால், ஆத்தங்குடியில் பட்டறைகளில் உங்கள் கல்லைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அச்சு இருந்தால் அதேபோல் செய்து தருவார்கள்.

கதவு, தூணுக்கு மணல்தாளை வேகமாகப் போடாதீர்கள், செதுக்கிய விளிம்பு மழுங்கிவிடும். பழைய பல்துலக்கியால் தூசியை எடுத்து, ஆளிவிதை எண்ணெயில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து துணியால் தேயுங்கள். உங்கள் வீட்டுக் கதவு நிலைக்கு விலை கேட்டு ஆள் வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தால் தெரியும், எத்தனை வீட்டுத் தூணும் கதவும் அங்கே வந்து நிற்கின்றன என்று. கூரைக்குப் பணம் போதவில்லை என்று நாங்களும் ஒரு சாயங்காலம் முகப்புத் தூண்களைப் பற்றிப் பேசினோம். பேசிவிட்டு, வீட்டின் இரண்டாம் கட்டு வேலையை இரண்டு வருடம் தள்ளிப்போட்டோம். தூண் நிற்கிறது.

போன ஐப்பசியில் பாத்திரம் வைத்தது இரண்டே இடத்தில். இரண்டும் வளவின் வடகிழக்கு மூலை, கூரையின் இரு சரிவுகள் சேரும் இடம், அங்கே பழைய தகரம் அரித்துப் போயிருக்கிறது. தையில் மாற்றச் சொல்லி ஆள் பார்த்தாயிற்று.