கோழிக்கு மருந்து தேட முதல் கூட்டைப் பாருங்க

போன மாரிக்கு எங்கட அடைக்கோழி ஒண்டு 14ம் நாள் முட்டைய விட்டுட்டு எழும்பிப் போயிட்டு. நல்ல தாய்க்கோழி அது, அதுக்கு முதல் ரெண்டு தரம் அடைகிடந்து பொரிச்சது. கொண்டை வெளிறிக் கிடந்துது. அடைப்பெட்டிக்குள்ள கைய விட்டா மணிக்கட்டு வரைக்கும் பூச்சி ஊருது, வைக்கோல தூக்கினா அடியில சாம்பல் தூவின மாதிரிக் கிடக்கு. நான் அதுவரைக்கும் கோழிக்குத்தான் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு இருந்தன், சனியன் பிடிச்ச பூச்சி இருந்தது பெட்டியில.

நாம எல்லாத்தையும் கோழிப்பேன் எண்டு சொல்லுறம், ஆனா ரெண்டு சாதி இருக்கு. ஒண்டு கோழியின்ர உடம்பிலயே கிடந்து முட்டை போடுற பேன், பின்பக்க இறகை விலக்கிப் பார்த்தா இறகடியில வெள்ளையா கொத்துக் கொத்தா ஈர் ஒட்டியிருக்கும். மத்தது பகல்ல கட்டை இடுக்கு, பலகை வெடிப்புக்குள்ள ஒளிச்சிருந்து இராவில வந்து இரத்தம் குடிச்சிட்டுப் போற சிவப்பு உண்ணி, 1 மில்லிமீட்டர் கூட வராது. பகல்ல கோழியப் பிடிச்சுத் தேடினா ஒண்டும் அம்பிடாது. இருட்டினாப் பிறகு டோர்ச்சோட போய், கோழி நிக்கிற கட்டையின்ர அடிப்பக்கத்தில வெள்ளைத் துணியால அழுத்தி ஒருக்கா இழுங்க. துணியில இரத்தக் கோடு விழுந்தா அதுதான்.

அதுக்கு நாங்க செய்யிறது, கோழிய வெளிய விட்டுட்டு கட்டை எல்லாத்தையும் கழட்டி வெயில்ல போட்டு, இடுக்குக்குள்ள கொதிதண்ணி ஊத்துறது. காஞ்சாப் பிறகு 1 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணியில 20 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணியும் போட்டு நல்லாக் குலுக்கி, பலகைக்கும் கட்டைக்கும் ஸ்ப்ரே பண்ணுங்க, சவர்க்காரம் போடாட்டி எண்ணெய் தண்ணியோட சேராது. ஒருதரம் அடிச்சிட்டு விட்டா வேலையில்ல. இந்தச் சூட்டுக்கு முட்டையில இருந்து வளர்ந்து திரும்ப முட்டை போட ஒரு கிழமை, பத்து நாள் காணும், அதனால 6, 7 நாளுக்கு ஒருக்கா எண்டு மூண்டு தரமாவது செய்யவேணும். கூடு சும்மா கிடந்தா செத்துப்போகும் எண்டும் நினைக்கவேணாம், இரத்தம் குடிக்காமலே மாசக்கணக்கில உயிரோட கிடக்கும். கடைசியா வெடிப்பெல்லாம் மூட சுண்ணாம்பு அடிச்சு, அது நல்லாக் காயுமட்டும் கோழிய உள்ள விடாதீங்க. நிக்கிறதுக்கு மூங்கில் கட்டவே வேணாம், பொந்துக்குள்ள அதுகள் குடும்பம் நடத்தும். பட்டை உரிச்ச உருண்டைக் கம்பு காணும்.

உடம்புப் பேனுக்கு கோழியே தனக்கு வைத்தியம் பார்க்கும், நாம இடம் குடுத்தாச் சரி. பழைய டயர் ஒண்டுக்குள்ள மூண்டு பங்கு காஞ்ச மணலும் ஒரு பங்கு சலிச்ச அடுப்புச் சாம்பலும் போட்டு மழை படாத இடத்தில வைங்க, மத்தியானம் வந்து புரண்டு புரண்டு குளிக்கும். பிளாஸ்டிக், பெயின்ட் அடிச்ச பலகை எரிச்ச சாம்பல் கூடாது. சாம்பல் நனைஞ்சா தோலை எரிக்கும், மாத்திடுங்க. புகையிலைத் தண்ணி தெளிக்கச் சொல்லி ஆக்கள் சொல்லுவினம், செய்யாதீங்க, கோழிக்கு நஞ்சு அது.

இப்ப கூட்டுத் தரையில போடுற விரிப்பு. என்னைக் கேட்டா உமிதான். திருகோணமலையில தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் நெல்லு மில்லுக்குப் போனா மூட்டை கட்டிக்கொண்டு வரலாம், கெதியாக் காயும், கிளறி விடலேசு. 3, 4 அங்குலத்துக்குப் போடுங்க. மரச்சீவலும் நல்லது, ஆனா மாத்தூள் மாதிரி இருக்கிற மரத்தூள் நெஞ்சுக்குள்ள போய் மூச்சுக்குத் துன்பம். தேங்காய்த் தும்புத்தூள் ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும், மாரியில சரிவராது. வைக்கோலும் அப்படித்தான், தண்டு பொந்து எண்டபடியா பூச்சிக்கு வீடு, நனைஞ்சா பூஞ்சணம். கடற்கரை மண் பக்கத்தில கிடக்கு எண்டு அள்ளிப் போடாதீங்க, அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கச்சான் எண்ட வறண்ட தென்மேற்குக் காத்து வீசுற மாசங்கள்ல எதைப் போட்டாலும் சமாளிக்கலாம். ஐப்பசியில மழை துவங்கினா கதை வேற. ஒரு பிடி உமிய அள்ளி இறுக்கிப் பிடிங்க, கைய விரிச்சா உதிரவேணும், உருண்டையா நிண்டா ஈரம் கூட, மூக்கில காரமா ஏறினாலும் அப்படித்தான். ஈரமான இடத்தை மட்டும் அள்ளி எறிஞ்சிட்டு புது உமி போடுங்க, தண்ணிச் சட்டிய ஒரு கல்லுக்கு மேல தூக்கி வைங்க, பாதி ஈரம் அதில இருந்துதான் வருது. ஈர விரிப்பில குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். எச்சத்தில இரத்தம் கண்டா வேப்பிலை, மஞ்சள் எண்டு நாளைக் கடத்தாம அண்டைக்கே மிருக வைத்தியரிட்டப் போங்க, குஞ்சு ரெண்டு மூண்டு நாளில போயிடும்.

அடைப்பெட்டிக்கு நான் இப்ப வைக்கோல் போடுறதே இல்ல. அடியில சாம்பல் கலந்த மணல், அதுக்கு மேல உமி, அதுக்குள்ள காஞ்ச நொச்சி இலையும் வேப்பிலையும், ஆனா நொச்சி பூச்சிய விரட்டப் பார்க்குமே தவிர வந்ததைக் கொல்லாது. கோழி தீன் தின்ன இறங்குற நேரம் கைய விட்டுப் பாருங்க, ஊர்ந்தா இராவைக்கே முட்டைய புதுப் பெட்டிக்கு மாத்துங்க. பழைய விரிப்பை வளவுக்குள்ள குவிக்காம எரிச்சிடுங்க.