ஊர்க்களத்தில் சன்ரிசுகா படம் போடுவது எப்படி

ஓமலூர்ப் பக்கம் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி என்று எந்த ஊருக்குப் போனாலும், நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது சேலம் விமான நிலைய விரிவாக்கத்தில்தான் வந்து நிற்கும். அதை எதிர்த்து 2018இல் நடந்த போராட்டத்தை யாரும் மறக்கவில்லை. இந்த மக்கள் பார்த்தே ஆக வேண்டிய படங்கள் ஜப்பானில் எடுக்கப்பட்டவை. 1966இல் டோக்கியோவுக்குப் பக்கத்து நரிதாவில், சன்ரிசுகா என்ற பகுதியில் விமான நிலையம் என்று அரசு முடிவெடுத்தபோது விவசாயிகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களின் போராட்டத்தை ஆவணப்பட இயக்குநர் ஒகாவா ஷின்சுகே தன் குழுவோடு அந்த ஊரிலேயே போய்த் தங்கிப் படமெடுத்தார்.

முதலில் 1971இல் வந்த 'இரண்டாம் கோட்டையின் விவசாயிகள்' படத்தைப் போடுங்கள். பெண்கள் தங்களையே சங்கிலியால் மரத்தோடு பிணைத்துக்கொள்வதும், மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டி, உள்ளே காற்று எப்படி வருகிறது என்று ஒருவர் பொறுமையாக விளக்குவதும் அதில் இருக்கிறது. கிணறு வெட்டிய ஆள் யாராவது கூட்டத்தில் இருந்தால் அந்த இடத்தில் கண் இமைக்க மாட்டார். 1973இல் வந்த 'ஹேத்தா கிராமம்' மெதுவாகப் போகும், அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வசனத்தைத் திரைக்கு அடியில் ஆங்கிலத்தில் ஓடவிட்டால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள், அதனால் முன்கூட்டியே தமிழில் எழுதி, ஊர்க்காரர் ஒருவரையே மைக்கில் வாசிக்கச் சொல்லுங்கள். படத்தின் சத்தத்தை அப்போது குறைக்க வேண்டும், ஆனால் கூச்சலும் அழுகையும் வரும் இடத்தில் அவர் பேசவே கூடாது. இரண்டு தடவையாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பால் ஊற்றிவிட்டு வந்து, சாப்பிட்ட பிறகுதான் ஆட்கள் சேருவார்கள், ஏழரைக்கு முன்னால் தொடங்காதீர்கள். திரைத்துணியின் அடியில் ஒரு மூங்கிலைச் செருகித் தைத்தால் காற்றுக்குப் படபடக்காது. படத்தின் உரிமை வைத்திருப்பவர்களிடம் முன்பே அனுமதி கேளுங்கள், ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

முடிந்ததும் "கடைசியில ஜெயிச்சாங்களா?" என்று கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். விமான நிலையம் 1978இல் திறந்தது. ஆனால் சிலர் நிலத்தைக் கொடுக்காததால் இரண்டாவது ஓடுபாதை 2002இல்தான் வந்தது, அதுவும் 2,500 மீட்டருக்குப் பதில் 2,180 மீட்டர்தான். இதைச் சொல்லிவிட்டு மைக்கை வயதான பெண்களிடம் முதலில் கொடுங்கள், இல்லையென்றால் தலைவர்களே பேசி முடித்துவிடுவார்கள். பேசுவதைப் பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், முகத்தையும் சர்வே எண்ணையும் அவர்கள் சம்மதமில்லாமல் எங்கேயும் போடாதீர்கள்.